சங்கம் வைத்துச் செடி வளர்த்த கதை

டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன். இப்படி மூன்று ‘ஸ்டேஷன்’கள் வரிசையாக இருந்த ஒரு மலைச்சரிவு நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. போய் நின்று பார்த்தால் ஒரு ரயிலும் வராது. டிக்கெட் கவுண்டரும் கிடையாது. காட்டெருமை வேண்டுமானால் குறுக்கே போகும்!

போடிநாயக்கனூரில் இருந்து மலையைப் பார்த்து சுமார் 16 கிலோமீட்டர் போனால் குரங்கணி. ‘மைனா’ படம் பார்த்தவர்களுக்கு அந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெயர்க்காரணம் கேட்டால் ராமாயணத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அது இருக்கட்டும். குரங்கணியில் இருந்து ஏறத் தொடங்கினால், நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன். இன்றும் அந்தக் குக்கிராமத்துக்கு அதுதான் பெயர். அதற்கும் மேலே சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் டாப் ஸ்டேஷன். அங்கே நின்றால் ஒரு பக்கம் கேரளத்துத் தேயிலை, மறுபக்கம் அதலபாதாளத்தில் போடி சமவெளி.

ரயில் இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் என்று எப்படிப் பெயர் வந்தது? அதைச் சொல்ல வேண்டுமானால், ஒரு சங்கத்தின் கதையைச் சொல்ல வேண்டும். மதுரை என்றால் சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்று நாம் பெருமைப்படுகிறோம் இல்லையா? மதுரைக்கு மேற்கே இந்த மலைமேல் வெள்ளைக்காரர்களும் ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் வளர்த்தது, செடி!

செடி வளர்க்க எதற்கு ஐயா சங்கம், ஒரு மண்வெட்டியும் குடமும் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொஞ்சம் லண்டன் வரை போய்விட்டு வருவோம்.

1804-ம் ஆண்டு மார்ச் மாதம், லண்டன் பிக்காடிலி தெருவில் இருக்கும் ஹாட்சர்ட்ஸ் புத்தகக் கடையில் ஏழு பேர் கூடினார்கள். கூட்டியவர் ஜான் வெட்ஜ்வுட். பீங்கான் பாத்திரங்களுக்குப் பெயர்போன அதே வெட்ஜ்வுட் குடும்பம். தோட்டம் போடுகிறவர்கள் மாதாமாதம் கூடி, அவரவர் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். நல்ல பழம், நல்ல பூ கொண்டுவந்தால் பரிசு தர வேண்டும் என்பது அவருடைய யோசனை. இன்றைய ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி அந்தப் புத்தகக் கடையில் பிறந்ததுதான்.

அந்த ஆசை கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1820-ல் கல்கத்தாவில் வில்லியம் கேரி ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்து பாதிரியார் ஆனவர், பைபிளை வங்காளியில் மொழிபெயர்த்தவர், செடிப் பைத்தியம்! அவரைப் பின்பற்றி 1835-ல் நம் சென்னையிலும் ஒரு சங்கம். தேனாம்பேட்டைப் பக்கம், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்கு அருகே தோட்டம் போட்டார்கள். விதை வரவழைப்பது, உறுப்பினர்களுக்குப் பங்கிடுவது, கூடிப் பேசுவது, மலர்க் கண்காட்சி வைப்பது, பரிசு கொடுப்பது... இன்று உங்கள் காலனியில் மாடித் தோட்டம் போடுகிறவர்கள் சேர்ந்து என்னவெல்லாம் செய்கிறார்களோ, அதையேதான் அன்று கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு செய்தார்கள்.

அந்தச் சென்னைச் சங்கத்துக்கு முன்நின்றவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்துக்கு டாக்டராக வந்தவர். சிப்பாய்களின் நாடியைப் பிடித்த நேரத்தைவிடச் செடிகளின் இலையைப் பிடித்த நேரம்தான் அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 1836-ல் பழனி மலைக்கு ஏறினார். கொடைக்கானல் என்கிற ஊரே அப்போது கிடையாது. சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான செடி வகைகளைச் சேகரித்துக்கொண்டு இறங்கினார். பிறகு ஆறு பாகங்களாக அவர் வெளியிட்ட தாவரப் படத் தொகுப்பில் இருப்பவை 2,101 படங்கள்.

அந்தப் படங்களை வரைந்தது யார் தெரியுமா? ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. இரண்டு பேரும் நம்மவர்கள். தஞ்சாவூர் ஓவிய மரபின் கையும், மேல்நாட்டுத் தாவரவியல் கண்ணும் சேர்ந்தால் என்ன வரும் என்று பார்க்க ஆசைப்பட்டால் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு ஆர்க்கிட் இனத்துக்கு வைட், ‘கோவிந்தூயியா’ என்று தன் ஓவியரின் பெயரையே வைத்தார். கூலிக்கு வரைந்தவரின் பெயர் லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு தாவரவியலுக்குள் நுழைந்தது! பாவம், பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அந்தச் செடியை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை.

சரி, ஊட்டிக்குப் போகாமல் இந்தக் கதை நகராது.

1840-களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குறை. கேரட்டும் கோஸும் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கவில்லை. ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். ‘கம்யூனிட்டி கார்டனிங்’ என்று இன்று பெரிய நகரங்களில் புதுசு போலப் பேசுகிறார்களே, அதுதான். தோட்டம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனால், ஆசை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. 1847-ல் ஒரு தோட்டக்கலைச் சங்கமும் பொதுத் தோட்டமும் வேண்டும் என்று வசூலில் இறங்கினார்கள். மெட்ராஸ் கவர்னர் ட்வீடேல் பிரபு ஆதரவு தந்தார். அடுத்த வருஷம் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து இறங்கினார். சதுப்பும் சரிவுமாகக் கிடந்த இடத்தைச் சீராக்க அவருக்குப் பத்து வருஷம் ஆனது. ஆண்டுதோறும் மே மாதம் நாம் பிள்ளைகுட்டிகளோடு போய் முண்டியடித்து போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அந்த ஊட்டி தாவரவியல் பூங்காவின் ஆணிவேர், மூன்று ரூபாய் கோஸ்தான்!

அடுத்தமுறை போனால் கண்ணாடி மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். பூங்காவின் மேற்பக்கம் ஏறிப்போனால் ஒரு தோடர் மந்து இருக்கிறது. பூங்கா வருவதற்கு முன்பிருந்தே அந்த மலை முழுவதும் அவர்களுடைய எருமைகளின் மேய்ச்சல் நிலம். சங்கத்தில் அவர்களுக்கு மெம்பர்ஷிப் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது குரங்கணிக்குத் திரும்புவோம்.

1877. ஹென்றி கிரிபிள் டர்னர் என்று ஒரு மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. அவரும் அவருடைய சகோதரரும் போடிப் பக்கமிருந்து மலையேறினார்கள் என்பது எஸ்டேட் துரைமார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை. எதற்கு? வேட்டைக்கு. இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு ‘அவுட்டிங்’. மலைமேல் போனவர்களுக்கு மான், காட்டெருமையைவிட மண்தான் பிடித்துப்போனது. குளிர்ந்த காற்று, வற்றாத ஓடை, கறுத்த மண். சிலோனில் காபித் தோட்டம் போட்டவர்கள் கொட்டிய பணம் பற்றி அந்தக் காலத்தில் எல்லா வெள்ளைக்காரர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஏற்கெனவே இருந்தவர் ஜான் டேனியல் மன்றோ. திருவிதாங்கூர் அரசுக்காக ஏலமலையை மேற்பார்த்த அதிகாரி. (சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ வேறு, இவர் வேறு!) அந்த மலை பூஞ்ஞாறு ராஜாவின் பாத்தியதையில் இருப்பது மன்றோவுக்குத் தெரியும். 1877 ஜூலை 11-ம் தேதி ராஜாவிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். 227 சதுர மைல். அதாவது ஏறத்தாழ 588 சதுர கிலோமீட்டர். முன்பணம் 5,000 ரூபாய், வருஷக் குத்தகை 3,000 ரூபாய்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மைல் மலைக்கு வருஷத்துக்கு 13 ரூபாய் சொச்சம். ஊட்டியில் காய்கறித் தோட்டத்துக்குச் சந்தா கட்டிய ஒருவர் ஐந்து மாதத்தில் அதைவிட அதிகம் கொடுத்திருப்பார்!

1879-ல் மன்றோவும் டர்னரும் கூட்டாளிகளும் சேர்ந்து, ‘வடக்குத் திருவிதாங்கூர் நில, தோட்ட, வேளாண் சங்கம்’ ஒன்றை ஆரம்பித்தார்கள். சொசைட்டி என்றுதான் பெயர். கம்பெனி மாதிரி இல்லாமல், ஆளுக்கு ஒரு பகுதியாக மலையைப் பிரித்துக்கொண்டு, அவரவர் துண்டில் அவரவருக்குத் தோன்றியதை நட்டுப் பார்த்தார்கள். காபி போட்டார்கள். சிங்கோனா போட்டார்கள். ஏலம், கற்றாழை நார்... எது கையில் கிடைத்ததோ அது! பெரிய மனிதர்களின் கொல்லைப்புறத் தோட்டம் போலத்தான் இருந்திருக்கும், அளவு மட்டும் கொஞ்சம் பெரிசு.

காபிக்குச் சிலோனில் இருந்து இலைத்துரு நோய் வந்து சேர்ந்தது. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனாப் பட்டைக்கு ஆரம்பத்தில் நல்ல விலை. டச்சுக்காரர்கள் ஜாவாவில் அதைவிட வீரியமான மரத்தைப் பயிராக்கிக் குவித்ததும் விலை படுத்தது. 1880 வாக்கில் ஏ.எச்.ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட் பகுதியில் கொஞ்சம் தேயிலை நட்டுவைத்திருந்தார். கடைசியில் பிழைத்தது அதுதான். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவாகி மலையை மொத்தமாக எடுத்துக்கொண்டது. சங்கம் முடிந்தது, கம்பெனி ஆரம்பித்தது. ‘கண்ணன் தேவன்’ என்பது அஞ்சுநாட்டுப் பக்கத்து ஊர்த்தலைவர் கண்ணன் தேவரின் பெயர் என்கிறார்கள். டீப் பொட்டலத்தில் அவர் பெயர் இருக்கிறது. அவரிடம் கேட்டுத்தான் போட்டார்களா என்பது வேறு விஷயம்.

இப்போதுதான் நம் ஸ்டேஷன்கள் வருகின்றன. தேயிலை மேலே விளைகிறது, கப்பல் தூத்துக்குடியில் நிற்கிறது. நடுவே செங்குத்தான மலை. முதலில் பொதிமாடுகள் இறங்கின. பிறகு கம்பெனி இரும்புக் கயிற்றை இழுத்துக் கட்டியது. மூணாறில் இருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். இழுத்தவை மாடுகள்! 1908-ல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயில் பாதை போட்டு நீராவி இன்ஜினே ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனில் பெட்டிகளை ரோப்வேயில் தொங்கவிட்டால், சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக மேகத்துக்குள் நுழைந்து கொட்டக்குடிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷனில் வந்து இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, அப்புறம் அம்மையநாயக்கனூர் (இன்றைய கொடைக்கானல் ரோடு) ரயில் நிலையம், தூத்துக்குடி, லண்டன்.

இறங்கியது தேயிலை. ஏறியது அரிசி. இந்த இரண்டாவது பாதி முக்கியம். 227 சதுர மைலில் இத்தனை செடி நட்ட சங்கமும் கம்பெனியும், அங்கே வேலை செய்தவர்கள் சாப்பிடுவதற்கான நெல்லை விளைவிக்கவில்லை. அது போடிச் சமவெளியில் இருந்துதான் போக வேண்டியிருந்தது. ஆட்களும் அங்கிருந்துதான் போனார்கள், கங்காணி முன்பணம் கொடுத்து.

1924 ஜூலையில் மலையாளிகள் இன்றும் ‘99-ம் வருஷத்து வெள்ளம்’ என்று பேசிக்கொள்ளும் பெருமழை. (அவர்கள் கொல்லம் ஆண்டு 1099.) அந்த ரயில் பாதை, பாலம், தண்டவாளம் எல்லாம் அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவேயில்லை. போடிக்கு ரயில் வந்ததே அதற்கப்புறம், 1928-ல். அதுவும் 2010-ல் அகலப்பாதை வேலைக்காக நின்று, 2023 ஜூனில்தான் திரும்பியது. டாப் ஸ்டேஷனுக்கு மட்டும் பெயர் மிஞ்சியது.

இதுவரை சொன்னது சங்கம் வைத்தவர்கள் கதை. சங்கமே வைக்காமல் அதே மலையில் பயிர் வைத்தவர்களும் இருந்தார்கள்.

குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி என்றொரு ஊர். முதுவர்கள் வசிப்பது. அவர்களுடைய வாய்வழிக் கதை, மதுரையில்தான் ஆரம்பிக்கிறது. மதுரையில் பெரும் குழப்பம் வந்தபோது தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறினோம், அதனால் முதுவர் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், மலையைக் குத்தகைக்கு விட்ட பூஞ்ஞாறு ராஜ குடும்பமும் தங்களைப் பாண்டிய வம்சம், மதுரையில் இருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வந்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஆக, மலையை விட்டுக்கொடுத்தவரும் மதுரைக்காரர், மலையில் இருந்தவரும் மதுரைக்காரர்! ஒருவர் கையில் பத்திரம் இருந்தது. இன்னொருவர் முதுகில் குழந்தை இருந்தது.

முதுவர்கள் ஊராகச் சேர்ந்து சரிவில் காடு வெட்டி, தீயிட்டு, கேப்பை விதைப்பார்கள். ஓரிரு வருஷம் விளைந்ததும் அந்த நிலத்தை விட்டுவிட்டு அடுத்த இடம். விட்ட இடம் மறுபடி காடாகும். கல்யாணமாகாத பையன்கள் தனியாகச் சாவடியில் தங்கி ஊர்க்காவலும் பயிர்க்காவலும் பார்ப்பார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய பெரிய நூலில் முதுவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அதற்குக் குறிப்புகள் கொடுத்தது யார் என்றால், மலைமேல் இருந்த ஒரு எஸ்டேட் துரை. தோட்டம் போட வந்தவரே, தனக்கு முன்னால் தோட்டம் போட்டவர்களைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிறகு ஏலக்காய். அதைச் சொல்லாமல் போடியைப் பற்றி எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் என்னை விட மாட்டார்கள். ஏலம் நட வேண்டிய பயிராகவே ரொம்ப நாள் இருக்கவில்லை. காட்டில் கீழ்ச்செடிகளைக் கழித்து, சரியான இடத்தில் ஒரு பெரிய மரத்தைச் சாய்த்து, அளவாக வெயில் விழச் செய்துவிட்டால் தானாகவே நாற்று கிளம்பும். குடகில் அப்படித்தான் செய்தார்கள். வெயில் கூடினால் கருகும், நிழல் கூடினால் காய்க்காது. எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதுதான் முழு வித்தை. இஞ்சிக் குடும்பத்துச் செடி இது. ஆள் உயரத்துக்கும் மேலே இலை போகும். பூவும் காயும் மட்டும் காலடியில், தரையோடு தரையாக. அதனால்தான் காய் எடுக்கிற பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது.

போடி, கம்பம் பக்கத்து விவசாயிகள் களை எடுக்கவும் காய் எடுக்கவும் மலையேறிவிட்டு, காய்ச்சலுக்குப் பயந்து இறங்கிவிடுவார்கள். அந்தக் காயை அவர்கள் இஷ்டத்துக்கு விற்க முடியாது! ஏலம் திருவிதாங்கூர் சர்க்காரின் ஏகபோகம். விளைந்ததை சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் தரும் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லைக்கு அந்தப்பக்கம் விளைந்து, இந்தப்பக்கம் வீடு. கள்ளத்தனமாக எத்தனை மூட்டை இரவில் இறங்கியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1896-ல்தான் அந்த ஏகபோகம் முடிவுக்கு வந்து நிலவரி முறை வந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் பக்கத்து மலையில் தேயிலைக் கம்பெனியும் பிறந்தது.

பின்னால் போடியின் ஏல விவசாயிகளும் சங்கம் வைத்தார்கள். ஊரில் அவர்கள் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது: ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி. ஒரு வாசனைப் பொருள் கல்லூரி கட்டிய ஊர்கள் உலகத்தில் அதிகம் இருக்காது. இன்று போடியில் கம்ப்யூட்டர் திரை பார்த்து ஏலக்காயை ஏலம் விடுகிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமனான பச்சைக் காய்க்கு மரியாதையே தனி. போதாக்குறைக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர் கொண்டுபோய் நட்ட ஏலம் குவாதமாலாவில் மண்டி வளர்ந்து, உலகச் சந்தையில் நம்மை முந்திவிட்டது. அங்கே மழை எப்படி என்று போடி வியாபாரி காலையில் விசாரிக்கிறார்!

செடி ஊர் விட்டு ஊர் போவதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். உண்ணிச்செடி தெரியுமல்லவா? ரோஸும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும், கசக்கினால் ஒரு நெடி வரும். 1809-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தது. வேலிக்கு நல்லது என்று ஒருவர் தோட்டத்தில் இருந்து இன்னொருவர் தோட்டத்துக்குக் கை மாறியது. இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் அது புகாத காடு இல்லை. மாடு தின்னாது, மான் தின்னாது. வனத்துறை வெட்ட வெட்ட முளைக்கிறது.

கதீட்ரல் சாலைத் தோட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோர்ட் கேஸ்களை விவரித்தால் பக்கம் போதாது. அந்த நிலத்தின் ஒரு பகுதியில்தான் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. காரில் உட்கார்ந்தபடியே காபி சாப்பிட்ட தலைமுறைக்கு இப்போதும் கண் கலங்கும். நிலம் அரசுடையது என்று 1989-ல் தொடங்கிய இழுபறி ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2010-ல் டிரைவ்-இன் இருந்த இடம் செம்மொழிப் பூங்கா ஆனது. எதிர்ப்பக்கம் சங்கத்திடம் இருந்த சுமார் 6 ஏக்கரையும் அரசு எடுத்து, 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தது. அங்கே கம்பியில் தொங்கியபடி சரிந்து போகும் ‘ஜிப்லைன்’ விளையாட்டு இருக்கிறது. குரங்கணி ரோப்வேயில் ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டி போனது, கதீட்ரல் சாலையில் இப்போது நாமே போகிறோம்.

அந்த நிலம் சங்கத்துக்கே சொந்தமாக இருந்திருக்க வேண்டுமா? ஒரு சில உறுப்பினர்களின் கேட்டுக்குள் இருந்ததைவிட, டிக்கெட் வாங்கினால் எவரும் நுழையலாம் என்பது மேல் என்றே எனக்குப் படுகிறது. ஆனால், நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்கிற பெண்ணும் நண்பர்களும் குப்பை மேடாகக் கிடந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து தக்காளி போட்டார்கள். அதைப் பார்த்து நகரெங்கும் ஏழை வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் முளைத்தன. குப்பை மேடாக இருந்தவரை யாருக்கும் வேண்டாத மனைகள், பூ பூத்ததும் விலைபோயின! 1999-ல் மேயர் ஜூலியானி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஜனங்கள் சூரியகாந்தி வேஷம் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து போராடினார்கள். கடைசி நேரத்தில் நடிகை பெட் மிட்லரின் அமைப்பும் இன்னொரு அறக்கட்டளையும் பணம் கொடுத்து வாங்கிக் காப்பாற்றின. நம் முதுவர்களுக்கு மலையை வாங்கிக் கொடுக்க எந்த நடிகையும் வரவில்லை. 2006-ன் வன உரிமைச் சட்டம் வந்த பிறகுதான், ‘இது நாங்கள் பயிர் செய்த இடம்’ என்று சொல்லி மனுப் போட ஒரு வழியாவது பிறந்தது.

குரங்கணி என்றதும் உங்களில் பலருக்கு 2018 மார்ச் 11 நினைவுக்கு வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் இருந்தும், ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேறப் போனவர்கள், கொழுக்குமலையில் இருந்து இறங்கும்போது காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், நிறையப் பெண்கள். கோடையில் அந்தச் சரிவில் ஆள் உயரப் புல் காய்ந்து நிற்கும். காற்று திரும்பினால் தீ மனிதனைவிட வேகமாக மலையேறும். இது மலையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு விதிகள் வந்தன, தீக்காலத்தில் பாதைகளை மூடினார்கள். 2024-ல் அரசே ஆன்லைன் முன்பதிவு வைத்து, உள்ளூர் ஆட்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து மலையேற்றம் நடத்தத் தொடங்கியது. தயவுசெய்து, வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் ஏறாதீர்கள்.

கம்பெனியின் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. 2005-ல் டாடா டீ அந்தத் தோட்டங்களை நடத்துவதில் இருந்து விலகியபோது, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கி ஒரு புதிய கம்பெனி உருவானது. கொழுந்து கிள்ளும் பெண்ணே தோட்டத்தில் பங்குக்காரி! 1879-ல் துரைமார்கள் பிரித்துக்கொண்ட அதே மலை. பத்திரிகைகள் பாராட்டின. பத்து வருஷம் கழித்து, 2015 செப்டம்பரில், அந்தப் பங்குக்காரிகள் ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நாள் கூலி 232 ரூபாய். அதற்கு முந்தைய வருஷம் 19 சதவிகிதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைந்திருந்தது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். போடி, தேனி, திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன் அரிசி மூட்டையோடு மலையேறியவர்களின் பேத்திகள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் வரவிடவில்லை. ‘பெண்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாட்கள். 20 சதவிகிதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

லயம் என்று சொல்கிற அந்த வரிசை வீடுகளின் முன்னால் நாலு முழம் மண் இருக்கும். வேலை முடிந்து வந்த பெண்கள் அதில் பீன்ஸ் போடுவார்கள், சௌசௌ கொடியைத் தகரக் கூரையில் ஏற்றிவிடுவார்கள், ஓரத்தில் ஒரு டேலியா. ரிடையர் ஆன பிறகு வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தால் குடும்பம் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால், சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடி மெட்டு வழியாகக் கீழே இறங்க வேண்டியதுதான். கொடி அங்கேயே இருக்கும். அடுத்து அந்த வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் காய் பறிப்பார்கள்.